இழப்புக்குப் பிறகு ஓடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். கணவர் மாரடைப்பில் போன பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் ஓட ஆரம்பித்தேன். அதைக் கேள்விப்பட்டுச் சிலர் தங்களுக்காகவும், சிலர் தங்கைக்காக, அண்ணிக்காக, அப்பாவுக்காக என்றும் என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. மருத்துவம் சம்பந்தமாகச் சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஓடினால் துக்கம் குறையுமா?

குறையாது. "ஓடினேன், மீண்டேன்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பலர். பத்து நாள் ஓடிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். போனவர் போனதுதான். ஓடி முடித்து வீட்டுக்கு வந்தால் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எதற்கு ஓட வேண்டும்?

சாவு வீட்டில் முதல் பதினாறு நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பால் தெளிப்பது ஒரு நாள், துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு முறை, காரியத்துக்கு ஒரு நாள். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. "குளிச்சுட்டு வா", "இங்க உக்காரு", "ரெண்டு வாய் சாப்பிடு" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்போது எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் பொழுதை ஊரே நடத்திக் கொடுக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் பந்தல் பிரித்த இடம் மட்டும் இருக்கும். சித்தப்பா ஊருக்குப் போய்விடுவார். வாடகை நாற்காலியைக் கணக்குப் பார்த்து அனுப்பியாகிவிடும். அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு என்ன செய்வது என்று எந்தச் சடங்கிலும் இல்லை. எனக்குத் தெரிந்து பலர் உடைந்து போனது சாவு நடந்த அன்றைக்கு இல்லை, அந்தப் பதினேழாம் நாளில்தான்.

ஓட்டம் உதவுவது இங்கேதான். காலை ஐந்தரைக்கு இந்த வாசல், இந்தப் பாதை, இவ்வளவு நேரம் என்று ஒன்று இருந்தால், ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்காவது "அடுத்து என்ன" என்ற கேள்வி இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு குளியல் வருகிறது, பசி வருகிறது, ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறது. என்னைப் பொறுத்தவரை கிலோமீட்டரைவிட மணிதான் முக்கியம். ஒரே நேரத்தில் தினமும் பூக்கட்ட உட்கார்ந்தாலும் இதில் பாதி கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு உடம்பு வியர்க்க வேண்டும்.

காரியம் முடியும் முன்பே ஓடப் போகலாமா?

ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த நாட்களில் நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தீட்டை மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை, இதயத்தை வைத்துச் சொல்கிறேன். நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கு உயர்கிறது என்று 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நாள் போகப் போக அது இறங்குகிறது. அப்புறம் தகோட்சுபோ என்று ஒரு இதயக் கோளாறு உண்டு. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் விவரித்தது. அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோகும், மாரடைப்பு போலவே வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சாவு வீட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் "அழுது அழுது வந்திருக்கும்" என்று விடாதீர்கள். உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

சடங்கு விஷயத்தில் உங்கள் வீட்டு வழக்கத்தை மீறச் சொல்ல நான் யார்? இஸ்லாமியப் பெண்கள் கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலோ அரை மணி நேரம் நடந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஐந்து வேளைத் தொழுகையே பொழுதுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது. என் காலை ஓட்டத்தைவிட அது உறுதியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டாமே? நான் எந்த நிலையில் இருக்கிறேன்?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. பின்னாளில் அதைத் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒட்டிவிட்டார்கள். படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று எதுவும் இல்லை. திங்கட்கிழமை "ஏற்பு", செவ்வாய்க்கிழமை அவர் சட்டை கண்ணில் பட்டதும் மறுபடி முதலிலிருந்து. அப்படித்தான் இருக்கும்.

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் பட்டது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, நினைவு, ஏக்கம். இன்னொரு பக்கம் நடைமுறை: கேஸ் புக் பண்ணுவது, வங்கிக் கணக்கைப் பெயர் மாற்றுவது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால்தான் சிக்கல், போய் வருவது இயல்பு என்கிறார்கள். ஓடும்போது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இந்தப் போக்குவரத்து நடப்பதைக் கவனிக்கலாம். முதல் ரவுண்டில் அவர் ஞாபகம், இரண்டாவது ரவுண்டில் இட்லி மாவு தீர்ந்த கவலை.

எனக்கு 52 வயது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. எப்படி ஆரம்பிப்பது?

நடையில் ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் வெறும் நடை, தினமும் அதே நேரம், இருபது நிமிடம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை, முட்டி வலி எது இருந்தாலும் ஓடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது அவசியம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. துக்கத்தில் சாப்பாடும் குறைந்திருக்கும். "மனசு சரியில்லை, அதான் மூச்சு வாங்குது" என்று நினைத்துக்கொண்டிருப்போம், காரணம் ரத்தத்தில் இருக்கும்.

அப்புறம் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் தன் அம்மா வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதிய ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகமெங்கும் புழங்குகிறது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், அவ்வளவுதான். ஒன்பது வாரத்தை நீங்கள் பதினெட்டாக்கினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே என்பவரே நடையும் ஓட்டமும் கலந்த முறையைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அதனால் நடுவில் நடப்பதில் வெட்கம் வேண்டாம்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் குறையுங்கள். துக்கத்தில் இருக்கும்போது வெறி பிடித்த மாதிரி ஓடத் தோன்றும் நாட்கள் வரும். கெண்டைக்கால் எலும்பு வலியும் குதிகால் வலியும் அந்த நாட்களின் பரிசு.

ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். கடைக்கு மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருந்தால் போதும்.

படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. மனசு வந்தால்தானே ஓட முடியும்?

மனசு வருவதற்குக் காத்திருந்தால் அது வராது. நாம் நாலு அடி எடுத்து வைத்த பிறகுதான் பின்னாலேயே வரும். சில நாள் அப்போதும் வராது.

நான் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மனநிலை மாறட்டும், அப்புறம் செய்வோம் என்று இல்லாமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யவைப்பது. கோவா மாநிலத்தில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவர் குழுவினரும், மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்ய வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களுக்கே பலன் இருந்ததாக 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஆனாலும் எழுந்திருக்க முடியாத காலையில் இந்த வழி இரண்டுக்கும் பொருந்துகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ராத்திரியே ஓடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். ஷூவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அலாரத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். "கேட் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று மட்டும் உங்களிடமே பேசி வையுங்கள். கேட் வரை போய்த் திரும்பி வந்தாலும் அந்த நாள் கணக்கில் சேர்த்தி.

காலையா, மாலையா?

இரண்டும் சரி. கேட்டதற்காகச் சொன்னால், காலை. துக்கத்தில் முதலில் கெடுவது தூக்கம். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு கண்ணில் காலை வெளிச்சம் படும்படி இருந்தால் உடம்பின் கடிகாரம் மெல்ல வழிக்கு வரும். தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள் என்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கண் மூடியது என்றால் அன்றைக்கு ஓட வேண்டாம், எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

மாலை எதற்கு நல்லது என்றால், ஆறு மணிக்கு. அவர் வண்டிச் சத்தம் கேட்கும் நேரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாதவர்கள் மாலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது அழுகை வந்துவிடுகிறது. நிறுத்துவதா, ஓடுவதா?

நிறைய பேருக்கு வரும். வீட்டில் பிள்ளைகள் முன்னால், மாமியார் முன்னால், ஆபீஸில் என்று எல்லா இடத்திலும் அடக்கி அடக்கி வைத்திருப்பது, மூச்சு வேகமாகிற இடத்தில் அவிழ்ந்துவிடுகிறது. அழுதுகொண்டே ஓட முடியாது, மூச்சு தடுமாறும், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும். அதனால் நடங்கள். கண்ணைத் துடைக்க ஒரு சின்னத் துண்டு போதும். வியர்வை வழிகிற முகத்தில் கண்ணீர் யாருக்கும் தெரியாது.

யாராவது கவனித்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். நாங்கள் ஓடுகிற கோவை ரேஸ் கோர்ஸ் பாதையில் எங்களுக்கு ஓர் அண்ணன் உண்டு, எழுபது வயதிருக்கும். அவர் கேள்வியே கேட்க மாட்டார். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சிறுவாணித் தண்ணீர் எந்த ஏரியாவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பேச ஆரம்பிப்பார். துக்கம் விசாரிக்கத் தெரிந்தவர்களில் அவரைத்தான் முதலில் வைப்பேன்.

ஓடும்போது அழுகையோடு மயக்கம், படபடப்பு, நெஞ்சில் இறுக்கம் வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பெண்ணாக, அதுவும் கணவரை இழந்தவளாக, ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடினால் ஊர் பேசாதா?

பேசும். "புருஷன் போய் ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். மனைவியை இழந்த ஆண் வாக்கிங் போனால் "பாவம், மனசைத் தேத்திக்கிறார்" என்பார்கள். பெண் போனால் கணக்கு வேறு. இந்த அநியாயத்தை மாற்றும் வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை.

உதவுகிற விஷயம், வீட்டுக்குள் ஒருவராவது உங்கள் பக்கம் இருப்பது. எனக்கு என் மாமியார். மகனைப் பறிகொடுத்தவர், பேச வேண்டுமானால் அவருக்குத்தான் முதல் உரிமை. "நீ போய்ட்டு வா, நான் பாலைக் காய்ச்சி வைக்கறேன்" என்று அவர் சொன்ன பிறகு தெருவின் பேச்சு எனக்கு எட்டவில்லை. கேட்கிறவர்களிடம் அத்தை "டாக்டர் சொல்லியிருக்காரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எந்த டாக்டர் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

உடை உங்கள் வசதி. சுடிதாரில் ஓடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். துப்பட்டாவை மட்டும் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். புடவையில் வேக நடை போகிறவர்கள் என்னை முந்திப் போவதுண்டு.

பாதுகாப்புக்கு: வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடமாகப் பாருங்கள். கோவையில் ரேஸ் கோர்ஸ் வசதி, ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், விடியும் முன்பே கூட்டம் இருக்கும். உங்கள் ஊரில் ஒரு பள்ளி மைதானமோ குளக்கரையோ இருக்கும். சாலையில்தான் ஓட வேண்டும் என்றால் வண்டிகளை எதிர்நோக்கி ஓடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று நடங்கள்.

அவரோடு நடந்த அதே பாதையில் போகலாமா?

போகலாம், முதல் சில வாரம் வேண்டாம். வேறு பாதையில் கால் பழகிய பிறகு, துணைக்கு ஒருவரோடு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஓடி முடித்ததும் நன்றாக இருந்தது. ஒரு நாள் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கூட விட்டேன். அப்புறம் நாள் முழுக்கக் குற்ற உணர்வு.

இதை ஆண்களும் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள். குறிப்பாகப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அது வேறு துக்கம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சிரித்ததற்கும் அவரை மறந்ததற்கும் சம்பந்தமில்லை. உடம்பு ஓடியது, அதன் வேலையை அது செய்தது. ஓடினால் எண்டார்ஃபின் சுரந்து மகிழ்ச்சி வருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துச் சிலரை ஓட வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அந்த மிதப்பு வந்தது. அதனால் இப்போது உடம்பே தயாரிக்கும், கஞ்சாவில் இருப்பதைப் போன்ற வேறு வேதிப்பொருட்களின் மேல் சந்தேகம் திரும்பியிருக்கிறது. எதுவானாலும் அது நாற்பது நிமிட ஓட்டத்துக்கு உடம்பு கொடுக்கும் கூலி. அதில் உங்கள் பாசத்தை அளக்க ஒன்றுமில்லை.

ஓடுவது காலையில் முடிந்துவிடுகிறது. மீதி நாளை எப்படி ஓட்டுவது?

இதுதான் உண்மையில் பெரிய கேள்வி. கேட்பவர்கள் குறைவு.

மூன்று ஆணி போதும்: எழும் நேரம், மதியச் சாப்பாடு, விளக்கணைக்கும் நேரம். இந்த மூன்றும் அசையாமல் இருந்தால் நடுவில் எது தொங்கினாலும் நாள் கீழே விழாது. நான் அட்டவணை போட்டு மணிக்கு மணி நிரப்பச் சொல்லவில்லை. அப்படி நிரப்பியவர்கள் ஒரு வாரத்தில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆள் குறைந்த வீட்டில் அரிசி அளப்பதுபோல் கொடுமை வேறில்லை. கை பழைய அளவைத்தான் எடுக்கும். கொஞ்ச நாள் மிஞ்சட்டும், விடுங்கள். ஆனால் ஓடுகிற நாட்களில் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. போவதற்கு முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது. பசி இல்லை என்றால் கம்பங்கூழ், மோர், சத்துமாவுக் கஞ்சி என்று குடிக்கிற மாதிரி எதையாவது. வெயில் காலத்தில் தண்ணீரோடு உப்பும் வேண்டும். மோரில் ஒரு சிட்டிகை போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தனிப் பிரச்சினை. வாரம் முழுக்க ஆபீஸ் தாங்கிப் பிடிக்கும், ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கைவிடும். அதனால் பலர் நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்கிறார்கள். காலையில் எட்டு கிலோமீட்டர் போனால் மதியம் உடம்பே தூங்க வைத்துவிடும்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும் கேட்பார்கள். முடிந்தால் சீக்கிரம் போங்கள், முழு வேகத்தில் வேண்டாம். கணக்கு எழுதுகிற எனக்கு மார்ச் மாத நெருக்கடி பெரிய உபகாரமாக இருந்தது.

திதி, கல்யாண நாள், பிறந்த நாள் வந்தால்?

முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், அன்று காலையில் யோசிக்காதீர்கள். மாத திதி, தலைத்திவசம் போன்றவை குறிப்பிட்ட நாளில் வரும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் பேரூர் நொய்யல் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூட்டம் நிற்கும். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இவற்றுக்குள் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அன்றைக்கு ஓட்டம் அதற்கு இடம் விட வேண்டும். விரதம் என்றால் ஓடாதீர்கள்.

கல்யாண நாளும் பிறந்த நாளும்தான் கஷ்டம். சடங்கு எதுவும் கிடையாது, ஆனால் உங்களுக்கு மட்டும் தெரியும். அந்த நாளில் ஒரு கூடுதல் ரவுண்டு ஓடுவது, அவருக்குப் பிடித்த கடையில் காபி குடித்துவிட்டு வருவது என்று ஒன்றை நீங்களே ஏற்படுத்திக்கொள்ளலாம். அன்றைக்கு வேகத்தையும் நேரத்தையும் பார்க்காதீர்கள்.

அவர் நினைவாக மராத்தான் ஓடலாம் என்று இருக்கிறேன்.

முதல் வருடத்தில் 42 கிலோமீட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சிக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும், காயம் பட்டால் இருக்கிற ஒரே வழக்கமும் போய்விடும். அதைவிட, பந்தயம் முடிந்த மறுநாள் இன்னொரு பதினேழாம் நாள் போல வந்து நிற்கும்.

5 அல்லது 10 கிலோமீட்டர் என்றால் தாராளமாக. 2013-ல் தொடங்கிய கோயம்புத்தூர் மராத்தான் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடத்தப்படுகிறது, சின்ன தூரங்களும் அதில் உண்டு. புற்றுநோயில் ஒருவரை இழந்த குடும்பங்கள் அதில் ஓடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கேள்விக்கு ஃபௌஜா சிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்து விவசாயி. 1990களின் முற்பகுதியில் மனைவியையும், பிறகு கண்ணெதிரே நடந்த விபத்தில் மகன் குல்தீப்பையும் இழந்தார். லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போனவர் அங்கேதான் தீவிரமாக ஓட ஆரம்பித்தார். 2000-ல், 89 வயதில், லண்டன் மராத்தானை முடித்தார். 2011-ல் டொராண்டோவில் 100 வயதில் இன்னொன்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே சாலையில் கார் மோதி, 114 வயதில் இறந்தார். அவர் சாதனையை விட்டுவிடுவோம். எண்பதைத் தாண்டிய ஒரு கிழவர், மொழி தெரியாத ஊரில், தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அது போதும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

அவர்கள் விரும்பினால். பிள்ளைகள் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பேச மாட்டார்கள். பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள். அவர்கள் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி, உடனே "அங்க பாரு அணில்". அதைப் பார்த்து "இவளுக்குப் புரியவில்லை" என்று நினைக்க வேண்டாம். என் மகள் சைக்கிளில் கூட வருவாள். என்னைவிட அரை ரவுண்டு முன்னால் போய்க் காத்திருப்பாள்.

முட்டி தேய்ந்துவிட்டது. ஓட முடியாது.

நடங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. வேக நடையே அதில் அடங்கும். நீச்சல், சைக்கிள், யோகா எதுவும் சரி. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

எப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு உதவி தேட வேண்டும்?

ஓட்டமே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டால். காய்ச்சலோடு ஓடுவது, கால் வீங்கியும் ஓடுவது, ஒரு நாள் தவறினால் பித்துப் பிடித்த மாதிரி ஆவது, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே தூரத்தைக் கூட்டுவது, பிள்ளைகளை மறந்துபோவது. பார்க்கிறவர்கள் "சபாஷ், எவ்வளவு மன உறுதி" என்பார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

ஓட்டம் சரியாக நடந்தும், மாதங்கள் போயும், இறந்தவரைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை, தினசரி வேலை எதுவும் ஓடவில்லை என்றால் அதற்கு மருத்துவத்தில் பெயரும் சிகிச்சையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது, குறைந்தது ஆறு மாத அளவுகோல் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள்.

"நானும் போய்விடலாம்" என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதமெல்லாம் பார்க்க வேண்டாம், இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போன் செய்யத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எத்தனை நாளில் இந்த வழக்கம் தானாக வரும்?

21 நாள் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அதற்கு ஆதாரமில்லை. லண்டனில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் வரவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. விட்டால் விட்டதுதான், மறுநாள் போங்கள்.

மழை பெய்தால்?

தூறல் என்றால் ஓடலாம். இடி மின்னல் என்றால் கூடாது, மாடிப்படி ஏறி இறங்குங்கள், அதே நேரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரிலும் சில காலைகள் அப்படிப் போகும். ஷூ நனைந்தால் உள் அட்டையை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.